ராத்திரி ஆனால் பாதம் எரிகிறது: நரம்பு மாத்திரையா, தூக்க மாத்திரையா?

கேள்வி, 09.01.2025, இரவு 11.40

அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை வந்து 16 வருடம். ஆறு மாதமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டு பாதமும் எரிகிறது என்கிறார். போர்வை பட்டாலே உதறுகிறார். பாதி நாள் நாற்காலியில் உட்கார்ந்து, சில்லென்ற தரையில் காலை வைத்துக்கொண்டேதான் தூங்குகிறார். டாக்டர் பிரிகாபலின் 75, மெத்தில்கோபாலமின் (பி12 வைட்டமின்) சேர்ந்த நரம்பு மாத்திரை எழுதினார். இரண்டு வாரம் ஆகிறது, எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் காலையில் எழுந்தால் தள்ளாடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர், இதை நிறுத்திவிட்டு ஒரு தூக்க மாத்திரை போடச் சொல்லுங்கள், தூங்கிவிட்டால் வலி எங்கே தெரியப்போகிறது என்கிறார். செய்யலாமா?

10.01.2025, காலை 6.15

வேண்டாம் தம்பி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைச் செய்து பார்த்தவன் நான்.

எனக்கு 61 வயது, மதுரையில் தையல் கடை. சர்க்கரை 18 வருடம், கால் எரிச்சல் ஏழு வருடம். முதல் வருடம் அல்ப்ரஸோலாம் 0.25 மி.கி. போட்டுப் படுத்தேன், நானாக வாங்கியதுதான், ஒரு பழைய சீட்டை வைத்து. பத்து மணிக்குப் போட்டால் பதினொன்றுக்குத் தூக்கம் வரும், இரண்டு மணிக்கு எரிச்சல் எழுப்பிவிடும். அப்புறம் 0.5 ஆக்கினேன். நாலு மாதத்தில், அது இல்லாவிட்டால் கண்ணே மூடாது என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஒரு நாள் அரைத் தூக்கத்தில் கழிவறைக்குப் போய் ஈரத்தில் வழுக்கி உதட்டில் மூன்று தையல். ஊருக்கெல்லாம் தைக்கிறவனுக்கு அன்றைக்கு வேறு ஒருவர் தைத்தார். டாக்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த இரண்டு மாதம் ஆனது.

தூக்க மாத்திரை மூளையை அமுக்கும், காலில் இருக்கும் நரம்பை ஒன்றும் செய்யாது. அவ்வளவுதான் விஷயம்.

10.01.2025, மதியம்

காலையில் அவசரத்தில் எழுதினேன், கடை திறக்க வேண்டும். இப்போது விவரமாக.

இந்த வலி அடிபட்ட வலி மாதிரி கிடையாது. நரம்பே பழுதாகி, ஒன்றும் நடக்காதபோதே சுரீர் என்றும் எரிகிறது என்றும் பொய்ச் செய்தி அனுப்புகிறது. அதனால் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் வகையறா பெரிதாகக் கேட்காது. டைக்ளோஃபெனாக்கைத் தினமும் போட்டால் சிறுநீரகத்துக்கு வேறு கேடு, சர்க்கரைக்காரனுக்கு அது ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கும் உறுப்பு. பகலில் வேலை, பேச்சு, டீ என்று கவனம் சிதறுகிறது, ராத்திரி படுத்தால் நாமும் காலும்தான். அதனால்தான் பத்து மணிக்கு மேல் கச்சேரி.

பிரிகாபலின் நரம்பின் அந்தக் கூச்சலைக் கொஞ்சம் அடக்கும், தூக்கத்துக்கும் உதவும். தலைசுற்றலும் தள்ளாட்டமும் அதன் கூடவே பிறந்தவை, பலருக்கு முதல் சில வாரங்களில் குறையும். எனக்கு மூன்றாவது வாரத்தில் குறைந்தது. இரண்டு கேள்விகளை டாக்டரிடம் கேளுங்கள். ஒன்று, மாத்திரை போடும் நேரம். அப்பா படுக்கப்போகும்போது பத்தரைக்குப் போட்டால் அதன் மப்பு காலைவரை வழியும், நான் எட்டு மணிக்கு, இட்லி சாப்பிட்ட கையோடு போடுகிறேன். சாப்பிட்ட பின் போட்டால் உச்சத்துக்கு ஏற மூன்று மணி நேரம்வரை ஆகும், சரியாகப் படுக்கும் நேரத்துக்கு வந்து சேரும். இரண்டு, கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு, எவ்வளவு என்று பார்த்தாரா? இந்த மருந்து கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது, சிறுநீரகம் மந்தமாக இருந்தால் 75 கூட 150 மாதிரி வேலை செய்யும்.

தள்ளாட்டம் தாங்கவில்லை என்றால் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுங்கள்.

12.01.2025

மேலே கடைசி வரியை அடித்துவிடுங்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன். மெடிக்கல் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தனிச்செய்தியில் திட்டிவிட்டார். அட்டையில் எஸ்ஆர் என்று போட்டிருந்தால் அது மெதுவாகக் கரைகிற மாத்திரை, உடைத்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும். குறைக்க வேண்டுமென்றால் 50 அல்லது 25 மி.கி. தனியாகவே வருகிறது, டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பாவின் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

நான் உடைத்துப் போட்ட காலம் உண்டு. அன்றைக்கெல்லாம் ஏன் பஸ்ஸில் தூங்கி இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன் என்று இப்போது புரிகிறது.

16.01.2025

மாட்டுப் பொங்கல் முடிந்து நேற்று இரவு நல்ல எரிச்சல். கரும்பு, சர்க்கரைப் பொங்கல், வேறென்ன. இதை எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

டுலாக்ஸெடின் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதில் எனக்கு நடந்தது வேடிக்கை. எனக்குப் பிரிகாபலினில் எடை ஐந்து கிலோ கூடியதால் டாக்டர் மாற்றினார், முதலில் 30, அப்புறம் 60. அட்டையைப் பார்த்து என் மகன் செல்போனில் தேடி, "அப்பா, இது மனச்சோர்வு மாத்திரை, உங்களுக்கு எதுக்கு?" என்று கத்தினான். மருந்து அதற்கும்தான், இதற்கும்தான். அமெரிக்காவில் 2004-லேயே சர்க்கரை நரம்பு வலிக்கு என்று தனியாகவே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆண்டிலேயே பிரிகாபலினுக்கும். வலியை மூளைக்குக் கொண்டுபோகும் பாதையில் மேலிருந்து ஒரு தடுப்பு உண்டு, அந்தத் தடுப்பைப் பலப்படுத்துகிற சரக்கு அது. மனநிலைக்கும் அதே சரக்கு தேவைப்படுகிறது, அதனால் ஒரே மாத்திரை.

சரி, வேடிக்கை எங்கே என்றால், எரிச்சல் இரண்டாவது வாரத்திலேயே பாதியாகிவிட்டது. தூக்கமும் போய்விட்டது! வலி இல்லாமல், கண் கொட்டக் கொட்ட, இரண்டு மணிக்கு மனசு பகல் மாதிரி வெளிச்சமாக இருக்கும். ஒரு வாரத்தில் தீபாவளி ஆர்டர் ரவிக்கை பதினெட்டைத் தைத்து முடித்தேன். வீட்டுக்காரம்மா, மிஷின் சத்தத்தில் இப்போது எனக்குத் தூக்கம் போச்சு என்றாள். டாக்டரிடம் போனால், ராத்திரி போடுகிறீர்களா, காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள் என்றார். ஒரு வாரத்தில் சரியானது. முதலில் பத்து நாள் குமட்டல் இருந்தது, வெறும் வயிற்றில் போட்டால் அதிகம்.

2012-ல் ஒரு ஆய்வு வந்தது, அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், பிரிகாபலின் மூன்றையும் சர்க்கரைக் கால்வலிக்காரர்களிடம் ஒப்பிட்டார்கள். வலி குறைப்பதில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். தூக்கத்தில்தான் பிரிந்தன: பிரிகாபலின் தூக்கத்தைத் தொடர்ச்சியாக்கியது, டுலாக்ஸெடின் உடைத்தது. நான் பதினெட்டு ரவிக்கையில் கண்டுபிடித்ததை அவர்கள் கருவி வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிக்கிறவர்கள் இதன் பக்கம் போகக் கூடாது. சிறுநீரகம் ரொம்பக் கெட்டவர்களும்.

22.01.2025

என்னைக் கேட்டால் இந்தக் கூட்டத்தில் ராஜா பழைய அமிட்ரிப்டிலின்தான். 10 மி.கி., மலிவு, ராத்திரி போட்டால் எரிச்சலும் அடங்கும், தூக்கமும் வரும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், அவ்வளவுதான்.

25.01.2025

அவ்வளவுதான் இல்லை. மூன்று நாள் முன்னால் எழுதியதை என் மச்சான் படித்துவிட்டுப் போன் செய்தார். அவருக்கு 70 வயது, புராஸ்டேட் வீக்கம் உண்டு. அவருக்கு இதே 10 மி.கி.யில் ஐந்தாம் நாள் சிறுநீர் அடைத்து, ராத்திரி ஆட்டோவில் ஓடி, குழாய் போட்டு எடுத்தார்கள். எனக்கு இது தெரியும், மறந்துவிட்டு ராஜா மந்திரி என்று எழுதியிருக்கிறேன். கண் அழுத்த நோயில் ஒரு வகைக்கும் ஆகாது. இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் ஈசிஜி பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது. வயதானவர்களுக்கு எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். தம்பியின் அப்பாவுக்கு 63, ஏற்கெனவே தள்ளாட்டம். அவருக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

02.02.2025

யாருமே கேட்காத ஒன்று. சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் எத்தனை வருடம் போடுகிறீர்கள்?

நான் பதிமூன்று வருடம். மெட்ஃபார்மின் நீண்ட நாள் போட்டால் பி12 குறையும், பி12 குறைந்தாலும் பாதம் எரியும், மதமதக்கும், கட்டெறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். சர்க்கரையால் வந்ததா, சத்துக் குறைவால் வந்ததா என்று காலைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி தின்கிறவன், எனக்கு எதற்கு பி12 குறையப்போகிறது என்று நினைத்தேன். 148 வந்தது, இருநூறுக்குக் கீழே போகக் கூடாதாம். ஊசி போட்டார்கள், மதமதப்பு குறைய நாலு மாதம் ஆனது, எரிச்சல் பாதி அப்படியே இருந்தது. ஆக எனக்கு இரண்டுமே இருந்திருக்கிறது.

ஒரு சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் பிரிகாபலினோடு மெத்தில்கோபாலமினைச் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். அதைப் போட ஆரம்பித்த பின் ரத்தம் கொடுத்தால் அளவு நன்றாகவே காட்டும், குறைவு இருந்ததா இல்லையா என்று தெரியாமலே போகும். தம்பி, அப்பாவுக்கு முன்பே எடுத்திருந்தால் அந்தச் சீட்டைத் தேடுங்கள்.

அதே மாதம், இன்னொரு நாள்

கோவைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார், சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி மூன்று மாதச் சராசரியை 12-லிருந்து 7-க்கு இறக்கினாராம், மூன்று மாதத்துக்குள். அதற்கப்புறம்தான் எரிச்சல் தாங்க முடியவில்லை, கட்டுப்பாடே வேண்டாம் போலிருக்கிறது என்கிறார். ஐயா, விட்டுவிடாதீர்கள். ரொம்ப வேகமாக இறக்கினால் சிலருக்கு இப்படி வருவது தெரிந்த விஷயம், இன்சுலின் வந்த புதிதில், 1933-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மாதக்கணக்கில் தானாகத் தணியும். கண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள், அதே வேகம் விழித்திரையையும் தொந்தரவு செய்யும்.

20.02.2025

தம்பி பதில் போட்டிருக்கிறார். கிரியாட்டினின் 1.6, யாரும் பார்க்கவில்லையாம். டாக்டர் இப்போது மருந்தை 50 ஆக்கி எட்டு மணிக்கு மாற்றிவிட்டார், தள்ளாட்டம் நின்றது. நல்லது. ஆனால் கணுக்காலில் வீக்கம், செருப்பு நுழையவில்லை என்கிறார்.

அவர் போட்ட மாத்திரைப் பட்டியலைப் பார்த்தேன். சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் இருக்கிறது, பிரஷருக்கு அம்லோடிபின் இருக்கிறது, இப்போது பிரிகாபலின். மூன்றுமே காலில் நீர் கோக்க வைப்பவை. மூன்று பேரும் ஒரே வண்டியில் ஏறியிருக்கிறார்கள். எதை இறக்குவது என்பது டாக்டர் வேலை, நீங்கள் எதையும் நிறுத்த வேண்டாம், பட்டியலைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதய டாக்டர் ஒரு பக்கம், சர்க்கரை டாக்டர் ஒரு பக்கம், நரம்பு டாக்டர் ஒரு பக்கம் எழுதினால் மூன்று சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். மூச்சு வாங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

01.03.2025

பயோகிளிட்டசோனை நிறுத்தினார்களாம், வீக்கம் இறங்குகிறதாம்.

எதில் ஆரம்பிப்பது நல்லது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 130 பேரை வைத்து இதையே பார்த்தார்கள், 2022-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அமிட்ரிப்டிலினில் ஆரம்பித்துப் பிரிகாபலின் சேர்ப்பது, அதையே தலைகீழாக, டுலாக்ஸெடினில் ஆரம்பித்துப் பிரிகாபலின் சேர்ப்பது. மூன்று வழியும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விட்டன. ஒன்று மட்டும் போட்டுப் போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது மேலும் குறைந்தது. ஆக, எது உங்கள் உடம்புக்கு ஆகாது என்பதை வைத்துத்தான் தேர்வு. புராஸ்டேட்டா, எடையா, கல்லீரலா, வீக்கமா, தூக்கமா.

இன்னொன்று. எந்த மாத்திரையும் எரிச்சலைச் சுத்தமாகத் துடைக்காது. பத்துக்கு எட்டாக இருந்தது நாலாக வந்தால் அது வெற்றிதான். நான் மூன்று டாக்டரை மாற்றியது அந்த நாலைப் பூஜ்யம் ஆக்கத்தான். ஒருவர் டிரமடால் என்ற கடும் வலி மாத்திரை கூட எழுதினார், டுலாக்ஸெடின் போடுகிறேன் என்று நான் சொல்லாதது என் தப்பு. இரண்டும் சேர்ந்தால் வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று ஆபத்தில் முடியலாம். மருந்துக்கடைக்காரர்தான் கேட்டு நிறுத்தினார்.

18.04.2025

வெயில். கடையில் மின்விசிறி இருந்தும் பிரயோஜனம் இல்லை. இன்றைக்கு மருந்தைப் பற்றி எழுதவில்லை.

போன வாரம் கடையை மூடும்போது தரையில் சிறு சிறு ரத்தப் புள்ளி, மிஷினிலிருந்து வாசல்வரை. யாருக்கு என்ன ஆனது என்று பார்த்தால் என் கால். குண்டூசி ஒன்று செருப்பைத் துளைத்து இடது பெருவிரலுக்குக் கீழே முழுசாக இறங்கியிருக்கிறது. எப்போது ஏறியது என்று தெரியாது, மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன், இரண்டு மணி நேரம் மிதி போட்டிருக்கிறேன். ராத்திரி முழுக்க இல்லாத ஊசி ஆயிரம் குத்துகிறது, இருந்த ஒரே ஒரு ஊசி தெரியவில்லை.

எரிகிற கால்தான் மரத்துப்போன காலும். மாத்திரை எரிச்சலைக் குறைக்கும், உணர்ச்சியைத் திருப்பிக் கொடுக்காது. எரிச்சல் தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று கொண்டாட வேண்டாம், சில சமயம் நரம்பு முழுசாகச் செத்ததும் அப்படித்தான் அடங்கும். டாக்டரிடம் அந்த நைலான் இழையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வளையும்போது சரியாகப் பத்து கிராம் அழுத்தம் கொடுக்கும் இழை. எனக்குப் பத்து இடத்தில் நாலு இடம்தான் தெரிகிறது. எம்சிஆர் செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் செருப்பு, வாங்குங்கள், வீட்டுக்குள்ளும் போடுங்கள். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் செருப்பில்லாமல் சுற்ற வேண்டாம், சாமி ஒன்றும் நினைத்துக்கொள்ளாது. எரிச்சலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் வைக்கச் சொல்லும் ஆட்களை நம்ப வேண்டாம், சூடு தெரியாமல் தோல் வெந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.

மிளகாய்க் களிம்பு கேட்டவருக்கு: கேப்சைசின், ஆமாம், மிளகாய்ச் சரக்குதான். முதல் சில நாள் எரிச்சலைக் கூட்டித்தான் குறைக்கும். தடவிய கையோடு கண்ணைத் தொட்டால் என்ன ஆகும் என்று காரம் அரைத்த அம்மாவைக் கேளுங்கள். புண் இருக்கும் காலில் கூடாது.

20.05.2025

திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாளி, கடையில் ஆர்டர். மாத்திரை தீர்ந்ததைக் கவனிக்கவில்லை. (எடையைக் குறைத்த பின் டாக்டர் ராத்திரிக்குப் பிரிகாபலின் 75-ஐத் திரும்பச் சேர்த்திருந்தார், காலையில் டுலாக்ஸெடின். மேலே சொல்ல விட்டுப்போனது.) கடையில் கேட்டால் பழைய சீட்டுக்குத் தர மாட்டேன் என்றார்கள், அவர்கள் செய்தது சரி. இரண்டு நாள் இரண்டு மாத்திரையும் இல்லாமல் ஓடியது. இரண்டாம் நாள் ராத்திரி வியர்த்துக் கொட்டுகிறது, தலைவலி, யார் பேசினாலும் எரிச்சல், தலைக்குள் மின்சாரம் ஓடுவது மாதிரி, பொட்டுத் தூக்கம் இல்லை. வந்திருந்த சம்பந்தியிடம் ஏதோ சொல்லி, அது இன்றுவரை ஓடுகிறது.

இவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்துவதாக இருந்தாலும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் படிப்படியாக. இப்போது அட்டையில் ஏழு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிடுகிறேன். விலை இடித்தால் மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள், பிரிகாபலின் அங்கே கிடைக்கிறது.

11.07.2025

இத்தனை எழுதிய பிறகு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் தூக்கம் கெட்டதற்குக் கால் மட்டும் காரணம் இல்லை.

மருமகள் சொல்லி ஒரு வாரம் நோட்டில் எழுதினேன், எத்தனை மணிக்கு விழித்தேன், எதற்கு. தையல் அளவு எழுதும் நோட்டுதான், ஒரு பக்கம் மார்பளவு, மறுபக்கம் என் ராத்திரி. ஏழு ராத்திரியில் இருபத்துமூன்று முறை விழித்திருக்கிறேன். கால் எரிந்து விழித்தது ஆறுதான். சிறுநீருக்குப் பதினான்கு. மூன்று முறை ஏன் என்றே தெரியவில்லை, வியர்வையோடு. சிறுநீருக்குக் காரணம் ராத்திரிச் சர்க்கரை 240, அதோடு ஒன்பது மணிக்கு நான் குடிக்கும் ஒரு சொம்பு மோர். வியர்வைக்கு, இரண்டு மணிக்குக் குத்திப் பார்த்தால் ஒரு நாள் 62. ஒரே வாரத்தில் மேலேயும் கீழேயும்! இன்சுலின் அளவை மாற்றி, மோரை மதியத்துக்கு மாற்றினோம். விழிப்பு பாதியாகிவிட்டது, நரம்பு மாத்திரையில் ஒரு மில்லிகிராம் கூடக் கூட்டாமல்.

குறட்டைக்காரர்களுக்கும் ஒரு சொல். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். பிரிகாபலினும் அதே வகையைச் சேர்ந்த காபாபென்டினும் மூச்சை மந்தமாக்கலாம் என்று 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறையே எச்சரித்தது, முக்கியமாக வயதானவர்களுக்கு, நுரையீரல் கோளாறு உள்ளவர்களுக்கு, தூக்க மாத்திரையோ டிரமடாலோ சேர்த்துப் போடுகிறவர்களுக்கு. தம்பியின் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

03.09.2025

தம்பியின் அப்பா இப்போது கட்டிலில் படுத்துத் தூங்குகிறாராம், போர்வைதான் இன்னும் பிரச்சினை என்கிறார். போர்த்தினால் பாதத்தில் உரசுகிறது, போர்த்தாவிட்டால் கொசு.

அதற்கு நான் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். பழைய மூங்கில் கூடை, பெரியது, நடுவில் பாதியாக வெட்டிக் கவிழ்த்தால் குகை மாதிரி நிற்கும். கட்டிலின் கால்மாட்டில் வைத்து அதன் மேல் போர்வையை விரித்தால், பாதம் உள்ளே இருக்கும், துணி எதிலும் படாது. அளவு கேட்டிருக்கிறார்கள்: அகலம் இரண்டடி, உயரம் ஒன்றேகால் அடி, அதற்குக் குறைந்தால் பெருவிரல் முட்டும். வெட்டிய விளிம்பு முழுவதும் பழைய வேட்டியை நாலு மடிப்பாகச் சுற்றி நெருக்கமாகத் தைத்துவிடுங்கள். மூங்கில் சிலாம்பு ஏறினால் நமக்குத் தெரியாது.